நாற்காலியில் ஏறிய நெசவு

தறியினின்று இறங்கிய துணி உடுப்பதற்கும் விரிப்பதற்கும் மூடுவதற்கும் உரியது என்பதே நம்மிற் பெரும்பாலோர் எண்ணம். அது பாரம் தாங்குவதும் உண்டென்பதை நாம் அறியாமல் இல்லை. குழந்தை உறங்கும் தூளியும், நாடாக் கட்டிலும், முற்றத்துச் சாய்வு நாற்காலியின் கித்தான் துணியும் நம் வீடுகளில் பழகிய பொருள்களே. எனினும், துணியை மரத்திற்கு மேல் போடும் உறையாகக் கருதாமல், மரத்திற்குச் சமமான உறுப்பாகவே கருதி நாற்காலி செய்தால் என்ன என்று ஆராய்ந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்து மாணாக்கர்கள். ஜெர்மனி தேசத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நடந்த அவ்வாராய்ச்சி தச்சர்களைக் காட்டிலும் நெசவாளர்களுக்கே அதிகம் பயன்படத்தக்கது. ஆதலால், சங்க அங்கத்தினர்கள் அறியுமாறு அதனை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

1919-ஆம் ஆண்டில் வைமார் நகரில் வால்டர் க்ரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் பௌஹவுஸ் என்ற பெயருடைய கலாசாலை ஒன்றைத் தொடங்கினார். ஓவியம், தச்சு, உலோக வேலை, மட்பாண்டம், நெசவு ஆகியவற்றை வெவ்வேறு சாதியாகப் பிரித்து வைக்காமல் ஒரே கூரையின்கீழ்ப் பட்டறைகளாக நடத்துவது அதன் நோக்கம். ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டப்படாது என்று தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் பெண்கள் எதிர்பார்த்ததினும் அதிகமாக வந்து சேரவே, அவர்களிற் பெரும்பாலோர் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டனர். தச்சும் கட்டடமும் ஆடவர்க்கு, தறி பெண்டிர்க்கு என்ற பழைய எண்ணம் புதுமை பேசிய அந்தக் கலாசாலையிலும் போகவில்லை. இது வருந்தத்தக்கதே, ஆயினும் அப்பட்டறையே பின்னர்க் கலாசாலைக்கு வருமானம் தேடித் தந்த பட்டறைகளுள் ஒன்றாக விளங்கிற்று.

1921-இல் அங்கே இரு மாணாக்கர் சேர்ந்து ஒரு நாற்காலி செய்தனர். ஒருவர் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த மார்செல் ப்ராயர். அப்போது அவருக்கு வயது 19. மற்றவர் மியூனிக் நகரத்துக் குந்தா ஷ்டோல்ஸ்ல் அம்மையார், வயது 24. ஓக் மரமும் செர்ரி மரமும் கொண்டு செதுக்கி வர்ணம் தீட்டிய அரியணை போன்ற ஆசனம் அது. பிற்காலத்தில் ‘ஆப்பிரிக்க நாற்காலி’ என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதன் சிறப்பு மரத்தில் இல்லை. சாய்மானத்துக்கு வேண்டிய துணியைத் தனியே நெய்து ஆணியடித்து மாட்டவில்லை. சட்டத்தில் துளைகளிட்டு, அத்துளைகளின் வழியே பாவிழைகளைக் கோத்து இழுத்து, அந்தச் சட்டத்தையே தறியாகக் கொண்டு அங்கேயே நெய்துவிட்டனர். சணல், கம்பளி, பருத்தி, பட்டு, பொன்னிழை எல்லாம் அதில் கலந்துள்ளன. தச்சரின் வேலை எங்கே முடிகிறது, நெசவாளரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாத ஆசனம் அது. அதே ஆண்டில் அவ்விருவரும் செய்த மற்றொரு நாற்காலியில் கருமை பூசிய மரச்சட்டத்தின் ஊடே பல வர்ண வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இருக்கை அமைத்தனர்.

முதல் நாற்காலி பின்னர் எங்கே போயிற்று என்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகுக்குத் தெரியாமலிருந்தது. பழைய புகைப்படம் ஒன்றே எஞ்சியிருந்தது. 2004-இல் அது திரும்பவும் வெளிப்பட்டு, பெர்லின் நகரத்துப் பௌஹவுஸ் காப்பகத்தைச் சேர்ந்தது.

இதன் பின் ப்ராயர் செய்த நாற்காலிகளில் செதுக்கு வேலை மறைந்தது. மெல்லிய மரச் சட்டங்களைச் சேர்த்து, முதுகுக்கும் இருக்கைக்கும் துணிப்பட்டைகளை மட்டும் இழுத்துக் கட்டினார். அப்பட்டைகள் குதிரை மயிர் கொண்டு நெய்தவை. குதிரைமயிர்த் துணியைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் ஊடை குதிரை வாலின் மயிர். அதைத் தாறில் சுற்ற முடியாது. ஒவ்வொரு மயிராக எடுத்து நுழைக்க வேண்டும். ஆகவே வாலின் நீளத்துக்கு மேல் துணியின் அகலம் போகாது. உறுதி மிகுந்த துணிதான். ஆனால் வேலை மிகவும் மந்தம்.

1925-இல் கலாசாலை டெஸ்ஸாவ் நகருக்கு மாறிற்று. மாணாக்கராக வந்த ப்ராயர் அப்போது தச்சுப் பட்டறைக்குத் தலைவரானார். தாம் ஏறிச் சென்ற சைக்கிளின் பிடிக்கம்பி வளைந்திருப்பதைக் கண்டு, அவ்வாறே உருக்குக் குழாயை வளைத்து நாற்காலி செய்யலாம் என்ற யோசனை அவருக்கு உதித்தது. குழாய் இலேசானது, உடையாது, ஆனால் குளிரும், உறுத்தும். உட்காருபவரின் உடல் உலோகத்தின்மீது படாதவாறு முதுகு, இருக்கை, கைப்பிடி எல்லாவற்றையும் துணிப்பட்டைகளால் அமைத்தார். பஞ்சு மெத்தை கிடையாது. மனிதனின் பாரம் முழுவதும் துணியின்மேலேயே நிற்கிறது.

இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. அதனை விளக்க ஒரு சிறு கணக்குக் காட்டுவோம். கொடிக்கயிற்றின் நடுவில் 60 கிலோ பாரத்தைத் தொங்கவிடுக. கயிறு நன்றாகத் தொய்ந்து, இரு பக்கமும் 30 பாகை சரிந்திருக்குமாயின், ஒவ்வொரு பக்கத்திலும் இழுவை 60 கிலோ. கயிற்றை இறுக்கிச் சரிவை 10 பாகையாகக் குறைத்தால், அதே பாரத்துக்கு இழுவை ஏறக்குறைய 170 கிலோவாக உயர்ந்துவிடும். துணி எவ்வளவு தட்டையாக நிற்க வேண்டுமென்று விரும்புகிறோமோ, அவ்வளவு கடுமையாக அது இழுபடும். தூளி தொங்குவதால் பிழைக்கிறது. நிமிர்ந்து உட்காரும் நாற்காலித் துணிக்கு அவ்வாறு தொங்க உரிமை இல்லை.

மேலும், சாதா நெசவில் பாவிழை நேராகச் செல்வதில்லை என்பது நாம் அறிந்ததே. ஊடைக்கு மேலும் கீழுமாக நெளிந்து செல்கிறது. பாரம் ஏறியதும் முதலில் அந்த நெளிவு நிமிர்கிறது, துணி நீள்கிறது. அதன் பின்பே இழையின் உண்மையான வலிமை வேலைக்கு வருகிறது. ஊடை தடித்திருந்தால் நெளிவும் அதிகம், தொய்வும் அதிகம். வேட்டிக்கு இது ஒரு குற்றமன்று. நாற்காலிக்கோ இதுவே குற்றம். சில மாதத்தில் இருக்கை குழிந்து, உட்கார்ந்தவர் முழங்கால் மேலே வந்துவிடும்.

இத்தொல்லைக்கு விடையாகக் கிடைத்தது ‘ஐசென்கார்ன்’. சொல்லுக்குப் பொருள் இரும்பு நூல். அதில் இரும்பு அணுவளவும் இல்லை. அது பருத்தி நூலே. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் அது தோன்றிவிட்டது. பருத்தி நூலைக் கஞ்சியும் பாரபின் மெழுகும் கலந்த கரைசலில் தோய்த்து, இழுத்துப் பிடித்து, உருக்கு உருளைகளாலும் புருசுகளாலும் தேய்த்துப் பளபளப்பாக்குவர். நூலின் மேல் எழுந்து நிற்கும் பிசிர்கள் படிந்துவிடும். இடுக்குகளைக் கஞ்சியும் மெழுகும் நிரப்பும். நூல் வழவழப்பாகவும் உராய்வுக்கு ஈடுகொடுப்பதாகவும் ஆகிவிடும், எளிதில் அறாது.

இதைப் படிக்கும் நம் நெசவாளர்களுக்கு உடனே ஒன்று தோன்றியிருக்கும். தெருவில் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்துப் பாவாற்றியால் நீவுகிறோமே, அதுவன்றோ இது? ஆம், அடிப்படை அதுவேதான். ஒரே வேற்றுமை: நாம் இடும் கஞ்சி இழை அறாமல் தறியைக் கடப்பதற்காக, முதற் சலவையில் அது போய்விடும், போகவும் வேண்டும். அவர்கள் இட்ட கஞ்சியும் மெழுகும் துணியிலேயே தங்குவதற்காக. நாம் வழித்துணையாகக் கொண்டதை அவர்கள் குடும்பத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள் எனலாம். நூலின் உறுதிக்கு முதற்காரணம் பஞ்சின் இழைநீளமும் முறுக்கும் என்பதால், பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களும் இதில் அக்கறை கொள்ளத் தகும்.

அந்நாளில் இரும்பு நூல் வேறு காரியங்களுக்கே பயன்பட்டு வந்தது. அதை நாற்காலிக்கு ஏற்ற துணியாக்கப் பாடுபட்டவர்களுள் முக்கியமானவர் 1926-இல் மாணவியாகச் சேர்ந்த மார்கரேத்தா ரைஹார்ட் அம்மையார். நூலின் தரத்தை உயர்த்தி, ப்ராயரின் உருக்குக்குழாய் நாற்காலிகளுக்கு வேண்டிய துணியையும் வார்ப்பட்டைகளையும் நெய்து உருவாக்கியவர் அவர். பின்னாளில் எர்ஃபுர்ட் நகருக்கு அருகே சொந்தமாகக் கைத்தறிப் பட்டறை அமைத்து, 1984-இல் காலமாகும் வரையில் நெய்துகொண்டே இருந்தார். அவ்வீடு இப்போது காட்சிசாலையாக உள்ளது.

ப்ராயரின் குழாய் நாற்காலி 1960-களில் இத்தாலியில் மீண்டும் செய்யப்பட்டபோது ‘வாசிலி’ என்ற பெயர் பெற்று உலகெங்கும் பரவிற்று. அப்போது துணிக்குப் பதிலாகத் தோல் மாட்டப்பட்டது. இன்று அந்நாற்காலியைப் படத்தில் காண்பவர்களிற் பலர், அது முதலில் நெசவுக்காரரின் பொருள் என்பதையே அறியார். ப்ராயரின் பெயரை அறிந்தவர் ஆயிரம் பேரானால், ரைஹார்ட் அம்மையாரின் பெயரை அறிந்தவர் பத்துப் பேர் இருப்பரா என்பது நம் ஐயம்.

பெயர் போனால் கூலியும் போகும் என்பதை அந்தப் பட்டறையிலேயே ஒருவர் நன்றாக உணர்ந்திருந்தார். 1927-இல் மாணவியாக வந்த ஒட்டி பெர்கர் அம்மையார் செவிப்புலன் குறைந்தவர். விரல்களாலேயே துணியின் குணத்தை அறிய வல்லவர் என்று புகழ் பெற்றவர். 1930-இல் கலாசாலை பெர்லின் கம்பெனி ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மாணாக்கர் கண்ட மாதிரிகள் ‘பௌஹவுஸ் துணி’ என்ற பொதுப் பெயரில் விலைக்கு வந்தன. பெர்கர் அம்மையார் பின்னர்ப் பெர்லினில் தனியே பட்டறை வைத்தபோது வேறு வழியில் சென்றார். கம்பெனிகளுக்கு மாதிரி கொடுக்கும்போது தம் பெயரோ, பெயரின் முதலெழுத்துகளோ துணியோடு வரவேண்டும் என்று வற்புறுத்தினார். நாற்காலிகளுக்கென்று தாம் கண்ட இரட்டைத் துணி நெசவுக்கு 1934-இல் ஜெர்மன் அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றார். நெசவு முறைக்குக் காப்புரிமை கேட்பது அக்காலத்தில் நெசவுப் பெண்களிடையே மிக அரிது.

ஆனால் அவர் யூத இனத்தவர். 1936-இல் தொழில் செய்யும் அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. 1937-இல் இலண்டன் சென்றார். மொழியும் தெரியாமல், செவியும் உதவாமல் அங்கே இடர்ப்பட்டார். 1938-இல் நோயுற்ற தாயைப் பேணுவதற்காக யுகோஸ்லாவியாவுக்குத் திரும்பினார். 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டார். ஷ்டோல்ஸ்ல் அம்மையாரோ 1927 முதல் நெசவுப் பட்டறைக்குத் தலைவராயிருந்து, அரசியல் பகைமை முற்றிய 1931-இல் விலகி, ஸ்விட்சர்லாந்து சென்று கைத்தறி நடத்தினார். கலாசாலையே 1933-இல் மூடப்பட்டது.

நம் சங்கங்களில் எவரேனும் இருக்கைத் துணி நெய்து பார்க்க விரும்பினால், தச்சரைத் தேடுவதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. துணியைப் பாவின் திசையில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையாகவும், ஊடையின் திசையில் அதே அளவு மற்றொன்றாகவும் வெட்டி எடுக்கவும். ஒவ்வொன்றிலும் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் இடவும். மேல் முனையை மரச்சட்டங்களுக்கிடையே இறுகப் பிடித்து, கீழ் முனையில் 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஒரு நாள் விட்டுவைக்கவும். கோடுகளுக்கிடையே எவ்வளவு நீண்டது என்று அளந்து, கல்லை எடுத்து, மறுநாள் மீண்டும் அளக்கவும். முதல் அளவு துணியின் தொய்வைக் காட்டும். இரண்டாவது அளவு அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதைக் காட்டும். திரும்பாத துணியை வில்போல் வளைந்த எந்த நாற்காலியிலும் மாட்ட வேண்டாம். பாவை நெருக்கியும், ஊடையை மெல்லிதாக்கியும், இரட்டை முறுக்கு நூல் இட்டும் மறுபடி நெய்து, அதே கல்லைக் கட்டிப் பார்க்கவும்.

ஒவ்வொரு முறையும் நூலின் நம்பர், அங்குலத்துக்கு இழை, தொய்ந்த அளவு, நெய்தவர் பெயர், தேதி ஆகிய ஐந்தையும் சங்கத்துப் புத்தகத்தில் எழுதி, துணியின் ஒரு துண்டையும் அப்பக்கத்தில் ஒட்டி வைக்கவும்.