தேயிலை மலைக்கு வந்த மெர்டேக்கா

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சாலையோரம் காய்கறிக் கடைகள், சரிவுகளில் விவசாயக் கூடாரங்கள், சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள். மலாயா விடுதலை பெற்ற கதையைக் கோலாலம்பூரின் மெர்டேக்கா (விடுதலை) அரங்கிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். தோட்டத்து லயங்களில் அந்த விடுதலை ஒரே நாளில் வந்து சேரவில்லை.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். மூன்றாண்டுகளில், இந்த மலை அடங்கிய பகாங் மாநிலத்துக்கு பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியான ரெசிடெண்ட் வந்துவிட்டார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் அவர் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த காட்டில்தான் தேயிலை நடப்பட்டது. காட்டை வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தமிழர்கள் வந்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகவும் அரசாங்க உதவியோடும் ஆள் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது.

தோட்டத்து நாள் பெரட்டில் தொடங்கும். விடியும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார். உழைப்பு ஒருபுறமிருக்க, மரியாதை என்ற பெயரில் வேறொரு சுமையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு இந்த வழக்கத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கையானது. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வரவழைக்கப்பட்டது. மலாயாவின் விடுதலை வரலாற்றில் இந்தக் கிளர்ச்சிக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். துரைமார் ஓடினார்கள். ஜப்பானியர் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றி சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள்; ஆயிரமாயிரம் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். 1943இல் இந்திய விடுதலைப் படைக்கு ஆள் திரட்ட சுபாஷ் சந்திர போஸ் வந்ததும், அதுவரை துரைக்குத் தலைகுனிந்து நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள்.

திரும்பி வந்த பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் அவசரகாலத்தை அறிவித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று, 1950 முதல் லட்சக்கணக்கான கிராமவாசிகளை முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சீனர். அரசாங்கப் பட்டியலில் புதுக்கிராமமாக இருக்கும் திரிங்காப்பும் அந்த வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

1957 ஆகஸ்ட் 31. கொடி மாறியது. அன்று முதல் 1962 வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. பெற்றோர் நிலை அப்படியில்லை: எத்தனை ஆண்டு குடியிருந்தோம் என்று காட்டி, மலாய் மொழியும் ஓரளவு தெரிந்து, விண்ணப்பிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்புச் சான்று பார்த்தறியாத எத்தனையோ பேர் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோனார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க உரிமச்சீட்டு கேட்டார்கள். உழைத்துத் தேய்ந்த ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தோட்டங்களில் உழைக்க வந்த குடும்பங்களுக்கு நேர்ந்த மிகப்பெரிய அநியாயம் இது.

நம்பிக்கைக்கும் இடம் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்த தொழிலாளர்களின் பணத்தில் அது தோட்டங்களை வாங்கியது.

இன்று மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து உரிமச்சீட்டோடு வந்தவர்கள். அரசியலிலும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2004 முதல் நடந்த பொதுத்தேர்தல்களில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வென்றுவந்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் அங்கே தேசிய முன்னணி வேட்பாளர் ரம்லி முகமட் நோர் வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி அவர்தான். அதற்கு மெர்டேக்காவிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.