விரல்களுக்கும் ஓய்வு வேண்டும்

நாதஸ்வர இசையைப் போற்றுவோர் பெரும்பாலும் கலைஞரின் மூச்சையே வியந்து பேசுவர். அம்மூச்சை இசையாக்கும் விரல்கள் படும் பாட்டை எண்ணுவோர் சிலரே.

25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவிலே சுவாமிக்கு முன்னே வாசித்துச் செல்வோரைக் காணும்போதெல்லாம் என் பார்வை அவர்தம் பெருவிரல்களையே நாடும். நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழும் மேற்புறத்தில் உள்ளன. ஆதலால் பெருவிரல்கள் இரண்டுக்கும் கீழிருந்து சுமை தாங்குவதே தொழில். கிளாரினெற்றிலோ ஏறத்தாழ 800 கிராம் எடையின் பெரும்பகுதியை வலக்கைப் பெருவிரல் ஒன்றே தாங்குகின்றது.

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். ஓயாது எழுதுவோரின் கை சோர்வதற்கு, ஒரேவகை அசைவு இடைவிடாது நிகழ்வதையும் ஒரு காரணமாகப் பின்னர் அவர் காட்டினார். இசைவாணர் கைக்கும் இது பொருந்தும்.

நம்மிடையே அசுர சாதகம் பெருமைக்குரியது. நோவைச் சொல்வதோ இழுக்கு. 'கை உளைகிறது' என்ற மாணவனைச் சோம்பேறி என்று கடிந்த ஆசிரியரை நான் கண்டதுண்டு. அம்மாணவன் பின்னர் நோவை மறைக்கவே கற்றுக்கொள்கிறான். கையே பிழைப்பாகும் நாளில் அந்த மௌனம் அவன் வாழ்வையே கெடுத்துவிடலாம்.

வேண்டுவது சிறு பயிற்சியே. வாசிக்குமுன் 5 நிமிடம் தோள்களை மெல்லச் சுழற்றுக. விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் மடக்கி, பின் முழுதும் பொத்தி, மீண்டும் விரிக்க. ஐந்து முறை போதும். கையை முன்னே நீட்டி, மற்றக் கையால் விரல்களை மெல்லப் பின்னோக்கி வளைத்து 15 விநாடி வைத்திருக்க. வாசிக்கையில் மணிக்கட்டு மிகையாக வளையலாகாது. துளை மூடுவதற்கு வேண்டிய அளவே அழுத்துக. 25 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியைக் கீழே வைத்து 5 நிமிடம் இளைப்பாறுக. சாதக நேரத்தைத் திடீரெனக் கூட்டாது, படிப்படியாகவே கூட்டுக.

இவை எல்லா நோவையும் தடுத்துவிடும் என்று நான் உறுதி கூறேன். நோவு கண்டால் வாசிப்பை நிறுத்த வேண்டும். விறைப்போ பலவீனமோ நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்.

இசையாசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. சீவாளியைப் பேணக் கற்பிக்கும் பாடத்திலேயே கையைப் பேணவும் கற்பியுங்கள். பழுதுபட்ட சீவாளிக்கு வேறொன்று மாற்றலாம். கைக்கு அவ்வாறு மாற்று இல்லை.