ஜெர்மனி அக்காவின் தமிழ்க் கடிதம்

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். மாடி ரூமில் போன வருஷம் ஜெர்மனிப் பெண் ஒருத்தி பத்து மாதம் குடியிருந்தாள். வயது 19. பள்ளிப் படிப்பை முடித்ததும், காலேஜுக்கு முன்னால் ஒரு வருஷம் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போவது அங்கே சகஜமாம். 2008-ல் அவர்கள் அரசாங்கமே இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது.

சாயங்கால டியூஷனில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவள். நான் முதலில் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. காரணம் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி வந்த இன்னொரு பெண், என் சின்ன மகளிடம் "லெட்டர் போடுவேன்" என்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். இவள் மூன்று மாதம் போஸ்ட்மேன் சைக்கிளையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு கார்டுகூட வரவில்லை. அதனால் "இந்த அக்காகிட்ட ரொம்ப ஒட்டாதடி" என்று மகளைக் கண்டித்து வைத்திருந்தேன்.

ஆனால் இவள் இங்கிலீஷ் எடுபடவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்களே தவிர, ஒருத்தரும் பேசவில்லை. ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, பாயில் அவர்களோடு உட்கார்ந்து, "எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்க" என்றாளாம். அவ்வளவுதான், ஆளாளுக்கு வாத்தியாராகிவிட்டார்கள்! வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், நாக்கை மடித்துக் காட்டி "பலம் இல்லக்கா, பழம்" என்று அதட்டுவானாம். இருபத்தி நாலு எழுதச் சொன்னால் 42 என்று எழுதுவாள். அவர்கள் பாஷையில் "நாலும் இருபதும்" என்றுதான் சொல்வார்களாம். "கணக்குல அக்கா நம்மள விட மோசம்" என்று என் மகளுக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் இங்கிலீஷில் கேட்டால், தப்போ சரியோ, எல்லாரும் பதில் சொன்னார்கள்.

எங்க மாமனார் இதைக் கேட்டுவிட்டு, "1706-ல ஜெர்மனியிலிருந்து இங்க வந்த சீகன்பால்கும் இப்படித்தாம்மா, சின்னப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சார்" என்றார். இத்தனை வருஷம் அவர் சிலையைத் தாண்டித்தான் மார்க்கெட் போகிறேன், எனக்குத் தெரியாது!

கிளம்பும் முன்பு நானே அவளைக் கூப்பிட்டு, பழைய கதையைச் சொல்லிவிட்டேன். "லெட்டர் போடுறேன்னு மட்டும் புள்ளைங்ககிட்ட சொல்லாதம்மா" என்றேன். முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மாசாமாசம் முடியாதுக்கா. வருஷத்துக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸுக்கு" என்றாள். மகளிடம் இதை நான் மூச்சுவிடவில்லை.

வந்துவிட்டது! பேப்பரில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், கோணல்மாணலாக. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகளோ சிவப்புப் பேனா எடுத்து எட்டுத் தப்பு திருத்தி, பத்துக்கு ஆறு மார்க்கும் போட்டுவிட்டாள். அதையே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஜெர்மனிக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும் என்று நாளைக்குத்தான் தபாலாபீஸில் கேட்க வேண்டும்.

— ஒரு வாசகி, தரங்கம்பாடி