எரிகோ சாலையில் எல்லோருக்கும் அவசரம்

1970 டிசம்பர் மாதத்தின் நடுவில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவராக ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போனார்கள். போகிற வழியில் ஒரு சந்து. அங்கே ஒரு கதவோரம் ஒருவர் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது, கண் மூடியிருந்தது, உடம்பில் அசைவில்லை. மாணவர் பக்கத்தில் வந்ததும் இரண்டு முறை இருமினார், ஒரு முறை முனகினார். அவ்வளவுதான்.

மாணவர்கள் போய்க்கொண்டிருந்தது ஒரு சின்னப் பேச்சைப் பதிவு செய்ய. பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, இறையியல் படித்தவர்களுக்கு என்னென்ன வேலை கிடைக்கும் என்பது. மீதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதை. கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடந்துபோக, யாரும் மதிக்காத சமாரியன் ஒருவன் நின்று காப்பாற்றினானே, அந்தக் கதை. அதைப் பற்றிப் பேசப் போகிற வழியிலேயே அவர்களுக்கு ஒரு மனிதரைக் கிடத்தி வைத்திருந்தார்கள்.

சோதனையை நடத்தியவர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்ஸன் என்ற இரு உளவியலாளர்கள். பேட்ஸன் தாமே இறையியல் படித்துவிட்டு உளவியலுக்கு வந்தவர். 1973-இல் வெளியான அவர்களது ஆய்வுக்கு எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையே தலைப்பானது. மாணவர்களை அனுப்பும்போது மூன்று விதமாகச் சொல்லி அனுப்பினார்கள். சிலரிடம், 'அங்கே தயாராக இன்னும் சில நிமிடம் ஆகும், இருந்தாலும் போய்க்கொண்டிருங்கள்' என்றார்கள். சிலரிடம், 'தயாராக இருக்கிறார்கள், போங்கள்' என்றார்கள். மற்றவர்களிடம், 'நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், சீக்கிரம்' என்றார்கள்.

மொத்தம் 40 பேர். ஏதோ ஒரு வகையில் உதவியவர்கள் 16 பேர். அவகாசத்தோடு போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் போனவர்களில் 45 சதவீதம். 'சீக்கிரம்' என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போன சிலர், கிடந்தவரைத் தாண்டியே கால் வைத்துப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாணவர்களின் பக்தி எப்படிப்பட்டது, எதற்காக இந்தப் படிப்புக்கு வந்தார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். யார் நிற்பார், யார் போவார் என்பதைக் கணிக்க அவை எதுவும் உதவவில்லை.

40 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1975-இலேயே ஆந்தனி கிரீன்வால்ட் என்ற உளவியலாளர் இதே எண்களை மறுபடி கணக்கிட்டு, சமாரியன் கதைக்கு எந்தத் தாக்கமும் இல்லை என்று அடித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது என்று காட்டினார். அது நியாயமான திருத்தம். ஆனால் அவசரத்தைப் பற்றிய பகுதி இன்னும் என்னை உறுத்துகிறது. காரணம், நாம் இத்தனை காலமும் இந்தக் கதையை வேறு விதமாகப் பிரசங்கித்து வந்திருக்கிறோம். ஆசாரியனுக்கு ஈரம் இல்லை, லேவியனுக்கு இருதயம் கல், சமாரியனுக்கு மட்டும்தான் அன்பு இருந்தது. ஆகவே நீயும் உன் இருதயத்தைச் சோதித்துப் பார் என்கிறோம். இருதயத்தைச் சோதிக்கட்டும். அதற்கு முன்னால் அன்றைய நாளின் நேர அட்டவணையை எடுத்து வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆய்வறிக்கையில் இன்னொரு கவனிப்பு உண்டு, அதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நிற்காமல் போனவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதற்றத்தோடும் கலக்கத்தோடும் இருந்தார்கள். கல்நெஞ்சக்காரருக்கு அந்தக் கலக்கம் ஏன் வரப்போகிறது? ஒரு பக்கம் தங்களுக்காகக் காத்திருப்பவர், இன்னொரு பக்கம் சந்தில் கிடப்பவர். இருவருக்கும் நடுவில் அந்த மாணவர்கள் கிழிபட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள். வேறு சிலருக்கோ, அவசரத்தில் பார்வையே குறுகிப்போய், கண்ணில் பட்டது மனதில் பதிவதற்குள் கால் கடந்துவிட்டது.

மார்ட்டின் லூதர் கிங், கொல்லப்படுவதற்கு முந்தின நாளான 1968 ஏப்ரல் 3 அன்று மெம்பிஸ் நகரில் பேசியபோது இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குத் தம் மனைவியோடு காரில் போன அனுபவத்தையும் சொன்னார். அந்த வழி ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே இறங்குகிற வளைந்த மலைப்பாதை. கொள்ளையர் பதுங்க வசதியான இடம். நின்றால் எனக்கு என்ன ஆகுமோ என்று ஆசாரியனும் லேவியனும் யோசித்தார்கள், நிற்காவிட்டால் இவனுக்கு என்ன ஆகுமோ என்று சமாரியன் யோசித்தான் என்பது கிங் சொன்னதன் சாரம். அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டில் எந்தக் கேள்வி மனதில் எழ வேண்டுமானாலும் ஒரு கணம் தேவை. பிரின்ஸ்டன் சந்தில் ஓடியவர்களில் பலருக்கு அந்த ஒரு கணம்கூட இருக்கவில்லை.

பயத்தைச் சட்டத்தால் கொஞ்சம் குறைக்கலாம். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் நம் நாட்டில் எத்தனையோ பேரை ஒதுங்கிப் போக வைத்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அந்தச் சட்டப் பிரிவு காப்பாற்றுகிறவருக்கு வைத்திருக்கும் பெயரே 'நல்ல சமாரியன்'தான். சுவிசேஷக் கதையில் வரும் ஆள் இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அவசரத்தைக் குறைக்க எந்தச் சட்டமும் போட முடியாது. அது அவரவர் வீட்டில், அவரவர் காலைப்பொழுதில் தீர்க்க வேண்டிய விஷயம்.

நம் சபைகளையே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போதகருக்கு மூச்சுவிட நேரமில்லை. காலை ஆராதனை, அது முடிந்ததும் ஒரு ஞானஸ்நானம், மதியம் ஒரு கல்யாணம், சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். கைகொடுக்கிற வரிசையெல்லாம் கலைந்த பிறகு, ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே வருகிறார். "ஐயா, ஒரு நிமிஷம்..." போதகர் வாட்ச்சைப் பார்த்தபடியே, "ஜெபிச்சுக்கிறேம்மா, அடுத்த வாரம் பேசுவோம்" என்கிறார். அவர் மனதார ஜெபிக்கவும் செய்வார். ஆனால் அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் அந்தத் துணிச்சல் வராது. வீட்டிலும் இதே கதைதான். குடும்ப ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறோம். பள்ளியில் நடந்த எதையோ சொல்ல வந்த பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானிய இறையியலாளர் இதை வெகு முன்பே கண்டுகொண்டார். ஃபிங்கன்வால்டெ என்ற இடத்தில் அவர் நடத்திவந்த குருமடத்தை நாஜிக் காவல்துறை 1937-இல் மூடியது. அங்கே வாழ்ந்த கூட்டு வாழ்க்கையைப் பற்றி 1939-இல் வெளிவந்த அவரது சிறு நூலில், நம் வேலைக்குக் குறுக்கே கடவுள் வருவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். கடந்துபோன அந்த ஆசாரியன் ஒருவேளை வேதத்தை வாசித்துக்கொண்டே போயிருக்கலாம் என்றும் சொன்னார். பிரின்ஸ்டன் சந்துக்கு முப்பது ஆண்டு முந்திய வார்த்தை அது.

அப்படியானால் குறுக்கே வந்தவரிடம் இயேசு எப்படி நடந்துகொண்டார்? மாற்கு 5-ஆம் அதிகாரத்தைப் படித்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் படபடக்கும். ஜெபஆலயத் தலைவன் யவீரு காலில் விழுந்து கெஞ்சுகிறான். அவனுடைய பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு புறப்படுகிறார். இதைவிட நியாயமான அவசரம் உலகத்தில் கிடையாது. வழியில் ஜனங்கள் நெருக்குகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கால் அவதிப்பட்டு, வைத்தியர்களிடம் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, இன்னும் மோசமாகிப்போன ஒரு பெண் பின்னாலிருந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்ட மாத்திரத்தில் சுகமாகிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இயேசு நடந்துகொண்டே இருந்திருக்கலாம். ஆனால் அவர் நின்றுவிட்டார். என்னைத் தொட்டது யார் என்று திரும்பிப் பார்க்கிறார். இத்தனை பேர் நெருக்குகிற இடத்தில் இதென்ன கேள்வி என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு முன்னால் வந்து, உண்மை முழுவதையும் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக் கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! தீட்டு என்று ஒதுக்கப்பட்டவள், ஊரே கூடி நிற்கிற தெருவில், தன் பேச்சைக் கேட்க ஒருவர் நிற்கிறார் என்று கண்டு பேசுகிறாள். அவளை அவர் 'மகளே' என்று அழைக்கிறார். கேட்பதே குணமாக்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் உளவியலில் ஆழமாக வலியுறுத்தியவர்களில் ஒருவர் கார்ல் ராஜர்ஸ். அவரும் நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். பாதியில் உளவியலுக்கு மாறியவர். மாற்கு எழுதிய அந்தத் தெருக் காட்சியை நான் அவரோடு சேர்த்தே படிக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் யவீரு நின்றுகொண்டிருக்கிறான். அவனுடைய முகத்தை மாற்கு நமக்குக் காட்டவில்லை. பெற்ற பிள்ளையை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு சிக்னலில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த முகம் தெரியும். இயேசு அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே யவீருவின் வீட்டிலிருந்து ஆள் வருகிறது: பிள்ளை இறந்துவிட்டாள், இனி போதகரை ஏன் வருத்தப்படுத்துகிறாய்?

இந்த இடத்தைப் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறோம், இயேசு பிள்ளையை எழுப்பிவிட்டாரே என்று. நாம் நின்றதால் காத்திருந்தவர் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. வழியில் ஒருவருக்காக நின்ற செவிலியர், தன் வார்டில் காத்திருக்கும் இன்னொருவரைத் தாமதிக்க வைக்கிறார். பிரின்ஸ்டன் மாணவர்களின் கலக்கம் இதுதான். இதற்குச் சூத்திரம் ஒன்றும் சுவிசேஷத்தில் இல்லை. யவீருவிடம் இயேசு சொன்னது, பயப்படாதே, விசுவாசி என்பது மட்டும்தான். ஆனால் ஒன்று தெரிகிறது: யாருடைய நாளில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதோ, அவரால்தான் காத்திருப்பவரையும் குறுக்கே வந்தவரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியும். அரைமணி நேரத்துக்கு முன்பே ஆலயத்துக்குக் கிளம்புவதையும், ஒரு நாளில் மூன்று கூட்டத்துக்குப் பதில் இரண்டை ஒப்புக்கொள்வதையும், உபவாசத்துக்குச் சமமான பக்திப் பயிற்சி என்றே நான் எண்ணுகிறேன்.

நின்ற பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பிரின்ஸ்டன் சந்தில் கிடந்தவர், உதவிக்கு வந்தவர்களிடம், தனக்கு மூச்சுக் கோளாறு இருப்பதாகவும் மாத்திரை போட்டுக்கொண்டதாகவும், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். சிலர் அதைக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். சிலரோ விடவில்லை, வேண்டாம் என்ற பிறகும் உள்ளே அழைத்துப்போய்க் காபி கொடுத்தே தீருவேன் என்று நின்றார்கள். கோட்பாட்டில் உறுதியாக இருந்தவர்களிடம் இந்தப் பிடிவாதம் கூடுதலாகத் தெரிந்தது. கிடந்தவரின் தேவையைவிட உதவ வேண்டும் என்ற தங்கள் தேவையே அவர்களை இயக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு விளக்கம். எரிகோவை விட்டுப் புறப்படும்போது, வாயை மூடு என்று பலரும் அதட்டிய குருடன் பர்திமேயுவுக்காகவும் இயேசு நின்றார். எருசலேமுக்கு, தம் மரணத்துக்கு, ஏறிப்போகிற வழி அது. குருடனுக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? அப்படியிருந்தும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார்.

எல்லோருக்காகவும் நின்றால் நான் எப்போது வீடு போய்ச் சேர்வது என்ற கேள்வியும் நேர்மையான கேள்விதான். உதவுகிறவர்கள் ஒருநாள் வற்றிப்போவதை, இலவச மருத்துவமனைத் தொண்டர்களிடையே கண்டு 1974-இல் எழுதினார் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். ஊழியக் குடும்பங்களில் இந்த வறட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. சமாரியன் செய்ததை வரிசையாகப் படித்தால் அதற்கும் வழி தெரியும். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். அந்த இரவு கூடவே இருந்தான். மறுநாள் தன் பயணத்தைத் தொடர்ந்தான். போகும்போது சத்திரக்காரனிடம், ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளமான இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். காயம்பட்டவன் எழுந்து நடக்கும்வரை கட்டிலருகே அவன் உட்கார்ந்திருக்கவில்லை. ஊதியம் பெற்றுப் பராமரிக்கும் சத்திரக்காரனுக்கும் அந்த வேலையில் பங்கு இருந்தது. சமாரியனுக்கும் எங்கேயோ போக வேண்டியிருந்தது, யாரோ காத்திருந்தார்கள். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான்.