பிளாவில் கள்ளு, போத்தலில் ஸ்டௌட்

பேசாலையில் கள்ளுக் குடிக்கிறவர்கள் இரண்டு கட்சி. நான் காலைக் கட்சி. இரவெல்லாம் முட்டியில் சொட்டிய பாளைச் சாறு இறக்கும்போதே லேசாய்ப் புளித்திருக்கும். பச்சையோலைப் பிளாவில் ஊற்றினால் நுரை சுள்ளென்று மூக்கில் ஏறும். பின்னேரம் புளிப்பு முற்றிவிடும். மச்சானுக்கு அதுதான் கள்ளு.

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காமல் இனிக்கும். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் தானே வேலையைத் தொடங்கிவிடும். பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் பக்கம் காய்ச்சுகிற லாம்பிக் பியரும் ஈஸ்ட் சேர்க்காமல் இப்படித்தான் புளிக்கிறது. அதை மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்க விடுவார்கள். நம்முடையதற்கு ஒரு நாள் பொறுமை கிடையாது.

போத்தல் சரக்கில் லயன் லாகர் வெயிலுக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். லயன் ஸ்டௌட் வேறு: 8.8 வீதம் மதுசாரம், வறுத்த மோல்டின் கருகல், கோப்பி வாசம், கடைசியில் சொக்லேட் கசப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத்தான் திறப்பேன். விறைத்த குளிரில் அந்த வாசம் எழும்பாது. பக்கத்தில் சுட்ட கட்டாக் கருவாடு. மச்சான் இதை மருந்துத் தண்ணி என்பான். அவன் தவறணை வாங்கிலிலேயே இருக்கட்டும்.