கோப்புறைப் பட்டியலை விரிதாளுக்கு மாற்றுதல்

கணினிக் கோப்புறை ஒன்றில் உள்ள கோப்புகளின் பெயர், வகை, அளவு, தேதி, இருப்பிடம் ஆகிய விவரங்களை எக்செல் போன்ற விரிதாளில் அட்டவணையாகக் கொண்டுவருவதையே கோப்புறைப் பட்டியல் ஏற்றுமதி என்கிறோம். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இந்த விவரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து விரிதாளில் ஒட்டினால் அந்த அட்டவணை வருவதில்லை. அதனால் பலர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார்கள். நானூறு கோப்புகளைத் தட்டச்சு செய்தால் பிழை இல்லாமல் இருக்காது.

தேவை எழும் இடம்

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றியும், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரையிலும் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்துள்ளன. இத்தகைய பட்டறைக்கு வேலை டிராயிங்காகவே வருகிறது. ஒரு பாகத்தின் டிராயிங் திருத்தப்படும்போது புதிய பதிப்பு வரும். பழையதும் கணினியில் கிடக்கும். பழைய டிராயிங்கை வைத்து சிஎன்சியில் ஓட்டிவிட்டால் அந்த லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகும்.

ஐஎஸ்ஓ 9001 தரநிலை ஆவணங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. வாகனத் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 இன்னும் கறாரானது: வாடிக்கையாளர் அனுப்பும் பொறியியல் மாற்றத்தை, அறிவிப்பு கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் பரிசீலித்து முடிக்க வேண்டும். அது உற்பத்தியில் நடைமுறைக்கு வந்த தேதியையும் பதிவு செய்ய வேண்டும். தணிக்கைக்கு முதல் நாள் மாலை ‘மாஸ்டர் லிஸ்ட்’ தேடப்படுவது இதனால்தான்.

பவர் குவெரி வழி

எக்செல் 2016 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ‘டேட்டா’ தாவலில் ‘கெட் டேட்டா’, அதில் ‘ஃப்ரம் ஃபைல்’, அதில் ‘ஃப்ரம் ஃபோல்டர்’ என்று சென்று கோப்புறையைக் காட்டுங்கள். அடுத்த சாளரத்தில் ‘கம்பைன்’ என்பதைத் தொடாதீர்கள். அது கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒன்றுசேர்க்க முயலும். ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ என்பதையே அழுத்த வேண்டும். உட்கோப்புறைகளில் உள்ளவை உட்பட எல்லாக் கோப்புகளும் வரிசையாக வந்து நிற்கும்.

‘கன்டென்ட்’ நிரலை நீக்கிவிடலாம். கோப்பின் அளவு வெளிப்படையாகத் தெரியாது. ‘ஆட்ரிபியூட்ஸ்’ நிரலின் தலைப்பில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கி ‘சைஸ்’ என்பதைத் தேர்ந்தால் அது பைட் கணக்கில் வரும். பிறகு ‘குளோஸ் அண்ட் லோட்’. அடுத்த மாதம் புதிய டிராயிங்குகள் சேர்ந்தால் இதே தாளில் ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தினால் போதும். மற்ற வழிகளைவிட இது மேலானது என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

பெயர்களை ‘00451_ரெவ்03’ என்பதுபோல் ஒரே முறையில் வைத்திருந்தால், ‘ஸ்பிளிட் காலம்’ கொண்டு பாக எண்ணையும் திருத்த எண்ணையும் தனித்தனி நிரல்களாகப் பிரிக்கலாம். இங்கே ஒரு கண்ணி உண்டு. பிரித்தவுடன் எக்செல் ‘சேஞ்ச்ட் டைப்’ என்றொரு படியைத் தானாகச் சேர்க்கும். 00451 வெறும் 451 ஆகிவிடும். வலப்பக்கப் பட்டியலில் அந்தப் படியை அழித்துவிடுங்கள். பிறகு பாக எண்ணை ‘கவுன்ட்இஃப்’ சூத்திரத்தால் எண்ணினால், ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் ஒரே இடத்தில் கிடக்கும் பாகங்கள் உடனே தெரியும்.

எக்செல் தானாக மாற்றுவது பட்டறைக்கு மட்டுமான தொல்லை அல்ல. செப்ட்1, மார்ச்1 போன்ற மனித மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர்க்குழு அவற்றின் பெயர்களையே மாற்ற வேண்டியிருந்தது. 2020இல் வெளியான நெறிமுறைகளில் இது இடம்பெற்றது.

வேறு வழிகள்

எக்செல் இல்லாவிட்டால், கோப்புறையின் முகவரியை குரோம் அல்லது ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ஒட்டி எண்டர் தட்டுங்கள். பெயர், அளவு, தேதியுடன் பட்டியல் வரும். அதை நகலெடுத்து எந்த விரிதாளிலும் ஒட்டலாம். உட்கோப்புறைகளின் உள்ளே இருப்பவை இதில் வராது.

கட்டளைச் சாளரத்தின் ‘டிஐஆர்’ பழைய வழி. ஓசூர் போன்ற இடத்தில் இதை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும்: தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ பெயரிட்ட கோப்புகள் இருந்தால், அதன் வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும்போது எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1இன் ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி’ கட்டளையிலும், யுடிஎஃப்8 குறியேற்றத்தைக் குறிப்பிடாவிட்டால் இதே கதைதான்.

தேதி எதைக் காட்டுகிறது

பட்டியலில் அதிகம் ஏமாற்றுவது தேதிதான். ஒரு கோப்பைப் பென்டிரைவிலிருந்து நகலெடுத்தால் ‘கிரியேட்டட்’ தேதி நகலெடுத்த நாளைக் காட்டும். ‘மாடிஃபைட்’ தேதி பழையபடியே இருக்கும். அதனால் ஒரு கோப்பு மாற்றப்பட்ட பிறகு உருவானதுபோல் தோன்றும். மின்னஞ்சலிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ இறக்கினால் பொதுவாக இரண்டுமே இறக்கிய நேரத்தைக் காட்டும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய திருத்தத்தை யாரோ இன்று மறுபடி அனுப்பினால், தேதிப்படி வரிசைப்படுத்திய பட்டியலில் அதுதான் முதலில் நிற்கும். ‘ஆக்சஸ்ட்’ தேதியை விண்டோஸ் எப்போதும் புதுப்பிப்பதில்லை. அந்த நிரலே வேண்டாம்.

திருத்த எண்ணுக்கு டிராயிங்கின் வலது கீழ்மூலையில் உள்ள தலைப்புக் கட்டமே ஆதாரம். அதைப் பார்த்து எழுதும் விவரங்களை, பவர் குவெரி அட்டவணையின் பக்கத்து நிரலில் நேரடியாக எழுதாதீர்கள். ரெஃப்ரெஷ் செய்து புதிய வரிகள் நுழையும்போது, கையால் எழுதியவை வேறு கோப்புக்கு நேராக நகர்ந்துவிடக்கூடும். அவற்றைத் தனித் தாளில் கோப்புப் பெயருடன் எழுதி வைத்து, ‘வீலுக்கப்’ சூத்திரத்தால் பட்டியலுக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.