ஐந்து கிலோ நாய்க்கு எத்தனை கிலோ மூட்டை?

நாய்க்குப் போடும் உலர் உணவில் ஒரு துண்டை எடுத்துப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். மேலே லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். உள்ளே ஊசி முனை அளவில் எக்கச்சக்கமான ஓட்டைகள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் உப்பிக் குழையும்.

அந்த ஓட்டைகள் நீராவி தப்பித்துப்போன வழிகள். குருணை, மக்காச்சோளம், கோதுமை, சோயாப் பிண்ணாக்கு, கோழி இறைச்சித் தூள் எல்லாவற்றையும் மாவாக அரைத்து, தண்ணீரும் நீராவியும் சேர்த்துப் பிசைந்து, எக்ஸ்ட்ரூடர் என்ற பிதுக்கு எந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் இது நம் முறுக்கு உழக்கின் அண்ணன்தான். உள்ளே சுழலும் திருகு மாவை நெருக்கிக்கொண்டே போகும். சூடு 120, 130 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் அதிகம் என்பதால் அந்தச் சூட்டிலும் மாவிலுள்ள தண்ணீர் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கும். அச்சின் துளை வழியே வெளியே வந்த நொடியில் அழுத்தம் சட்டென்று குறைகிறது, தண்ணீர் ஆவியாகச் சீறுகிறது, மாவு உப்புகிறது. துளை வாயில் சுழலும் கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் விற்ற நாய் பிஸ்கட் அடுப்பில் சுட்டது. அமெரிக்காவின் பியூரினா நிறுவனம் 1957இல் இந்தப் பிதுக்கு முறையில் செய்த நாய் உணவைக் கடைக்குக் கொண்டுவந்தது.

மாவுச்சத்தை நாய்க்கு ஏற்றதாக்குவதும் இந்தச் சூடுதான். பச்சை அரிசியின் மாவுமணிகளை நாயின் குடல் சரியாகச் செரிக்காது. வெந்து வெடித்தால் செரிக்கும். சரி, இறைச்சி தின்னும் ஓநாயின் வம்சத்துக்கு அரிசி எதற்கு? இதற்கு 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளாகத்தான் இருக்கிறது. நாயிடம் 4 முதல் 30 வரை! மனிதன் உழவனானபோது கூடவே இருந்த நாயின் கணையமும் உழவுக்கு மாறியிருக்கிறது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை அரைக்கும்போது உடைந்து விழும் குருணை நாயின் தட்டுக்கு வருவதில் தவறொன்றும் இல்லை. ‘தானியமே சேர்க்காதது’ என்று கூடுதல் விலை கேட்கும் மூட்டைக்குப் பெரும்பாலான நாய்களிடம் தேவையும் இல்லை.

உலர்த்திய துண்டுகளின் மேல் கடைசியாகச் சூடான கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அதன் மேல் நொதிகளால் கரைத்த கோழி ஈரல் சாறு. நம் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 9,000, நாயின் நாக்கில் 1,700 அளவில்தான். அது மூக்கால் சாப்பிடும் பிராணி. எனவே ‘எங்க பொமரேனியன் தட்டை நக்கிக் காலி பண்ணிடுது’ என்பது மேற்பூச்சுக்குக் கிடைத்த பாராட்டு; உள்ளே இருக்கும் சத்துக்குச் சான்று ஆகாது. சிவப்பு, பச்சை நிறத் துண்டுகளின் கதை இன்னும் வேடிக்கை. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். அந்தக் காய்கறி வண்ணங்கள் காசு கொடுக்கும் நமக்காகத்தான்.

மூட்டையின் முதுகில் ‘கச்சாப் புரதம்: 20 சதவீதம்’ என்றிருக்கும். வியப்பான விஷயம், அதை அச்சிட்டவர்கள் புரதத்தை அளக்கவே இல்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த முறையில், உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிவிடுகிறார்கள். சராசரிப் புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம் என்பதால் கணக்கு சரியாக வரும், யாரும் ஏமாற்றாதவரை. 2007இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் இந்த வேதிப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். புரதமோ துளியும் கிடையாது. ஆகவே அந்த எண்ணைப் பார்க்கலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது. அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த கணக்குப்படி, ஈரத்தை நீக்கிப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதப் புரதம், குட்டிக்கு 22.5.

அதே ஆஃப்கோ கணக்கில் ‘சிறிய இனம்’ என்று ஒரு தனி வகை கிடையாது. வளரும் குட்டி, வளர்ந்த நாய், இவ்வளவுதான். பெரிய இனக் குட்டிகளுக்கு மட்டும் கால்சியத்தின் உச்சவரம்பு இன்னும் குறைவு. ‘ஸ்மால் பிரீட்’ மூட்டையில் உண்மையான வேறுபாடு பெரும்பாலும் துண்டின் அளவும் சற்றே கூடுதலான கொழுப்பும்தான். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் பல் போன கிழ நாய்களுக்கும் சின்னத் துண்டு உதவும். மற்றவை சாதாரண மூட்டையையே கடித்து நொறுக்கிவிடும்.

சிறிய நாயின் உண்மையான விசேஷம் அதன் பசியில் இருக்கிறது. உடல் பாதியானால் பசி பாதியாவதில்லை. 1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி எலி முதல் எருது வரை ஒரே வாய்பாட்டுக்குள் கொண்டுவந்தார்: ஆற்றல் தேவை எடையின் முக்கால் மடங்கு அடுக்கில் ஏறுகிறது. இதன்படி கருத்தடை செய்த 5 கிலோ பொமரேனியனுக்கு நாளுக்குச் சுமார் 375 கலோரி வேண்டும். 30 கிலோ லாப்ரடாருக்குச் சுமார் 1,430. எடை ஆறு மடங்கு, சாப்பாடு நான்கு மடங்குகூட இல்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன நாய்தான் பெருந்தீனிக்காரன். ஆனால் மொத்தத் தேவை 375தான் என்பதால், மாலை டீயோடு நாம் நீட்டும் நாலு மேரி பிஸ்கட்டே அதன் அன்றைய பங்கில் கால்வாசியை விழுங்கிவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். கிலோ 220 ரூபாய், 100 கிராமுக்கு 320 கலோரி என்று ஓர் உணவு. கிலோ 300 ரூபாய், 360 கலோரி என்று இன்னொன்று. முதலாவதில் நாளுக்கு 117 கிராம், 26 ரூபாய் ஆகும். இரண்டாவதில் 104 கிராம், 31 ரூபாய். கடையில் 80 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் தட்டில் 5 ரூபாய்! லாப்ரடார் வைத்திருப்பவருக்கு இதே வித்தியாசம் மாதம் 600 ரூபாயைத் தாண்டும்; அவர் யோசிக்கட்டும். மூட்டையில் கலோரி அச்சிடவில்லையா? புரதம், கொழுப்பு, நார், ஈரம் நான்கையும் கூட்டி, சாம்பல் சத்துக்கு ஒரு 8 சேர்த்து, 100இலிருந்து கழியுங்கள், மிச்சம் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமின் கலோரி கிடைக்கும்.

ஆக, சின்ன நாய்க்காரர் எங்கே காசை இழக்கிறார்? பெரிய மூட்டையில். 10 கிலோ வாங்கினால் கிலோவுக்கு மலிவு என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் நாளுக்கு 104 கிராம் தின்னும் நாய் அதை முடிக்க மூன்று மாதம் ஆகும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது நீண்ட காலம்.

காரணம் காற்று. பூஞ்சை முளைக்க உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. கட்டுப்படாமல் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதே கணக்கு. இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். 0.65க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சைகள் தலைகாட்டாது. வாயைத் திறந்துவைத்த உணவு சுற்றியுள்ள காற்றோடு சமமாகிவிடும். அதாவது காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் உணவும் மெல்ல மெல்ல 0.65ஐத் தொடும். மாமல்லபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட ஈரமான காற்றுதான். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சைக்கு 80க்கு மேல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கும் பஞ்சமில்லை.

அஃப்ளடாக்சின் ஈரலைத் தாக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் வீட்டு உணவைப் பங்கிட்ட நாய்களுக்கும் அதே நோய் வந்தது. சூடுபடுத்தினாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. அதனால்தான் கோழிப் பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல்லில் தீவனத்தில் அஃப்ளடாக்சின் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகமே இருக்கிறது. நல்ல நாய் உணவுக்காரரும் தானியம் ஆலைக்குள் நுழையும்போதே சோதிக்கிறார். மூட்டை பிரிந்த பிறகு அந்தப் பொறுப்பு நம்முடையது. மேற்பூச்சுக் கொழுப்பும் காற்றுப்பட்டுச் சிக்கெடுக்கும். நாய் திடீரென்று தட்டை முகர்ந்துவிட்டு விலகினால் பெரும்பாலும் இதுதான் விஷயம், அதன் கொழுப்பு அல்ல.

மூட்டையைப் பிரித்து லூஸாக எடை போட்டுத் தரும் உணவு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தயாரித்த தேதியும் போச்சு, எத்தனை நாள் வாய் திறந்து கிடந்தது என்ற கணக்கும் போச்சு.

அப்படியானால் சோறும் கோழியும் போதாதா என்று கேட்பீர்கள். இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் அற்பம். எலும்போ வேறு கால்சியமோ இல்லாமல் அதை மட்டும் தின்று வளரும் குட்டியின் கால் வளையும். சாம்பார் சோறு இன்னும் மோசம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், 5 கிலோ நாய்க்கு ஒரு நடுத்தர வெங்காயமே ஆபத்தான அளவு. சுமாரான உலர் உணவில்கூட இந்தக் கணக்குகளை யாரோ போட்டு வைத்திருப்பார்கள். ‘முழுமையான, சரிவிகித உணவு’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனவே 5 கிலோ நாய்க்கு என் சிபாரிசு: 3 கிலோ பை, தயாரித்த தேதி பார்த்து. அந்தப் பையோடு மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் வையுங்கள், டிரம்மில் நேராகக் கொட்டாதீர்கள். ஒரு மாதத்தில் காலியாகிவிடும். புது உணவுக்கு மாறும்போது பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்.